சுத்தியல் தழும்புகள்

தாது, நிலக்கரி மாதிரியான சரக்கைக் கையாளும் ஆலையில் கன்வேயர் பெல்ட் ஓடும் நீளத்தில் பெரிதாகத் தொல்லை இருக்காது. ஒரு பெல்ட்டிலிருந்து இன்னொன்றுக்குச் சரக்கு விழும் தகட்டுச் சரிவுப் பாதையில், அதாவது சூட்டில்தான் (chute), எல்லா வம்பும். அப்படி ஒரு சூட் அடிக்கடி அடைக்கிறது, மாற்றி வடிவமைக்க வேண்டும் என்று எங்களிடம் வந்தது. சரக்கு, இரும்புத் தாதுத் தூள்.

ஒவ்வொரு துகளும் பக்கத்துத் துகளோடு மோதுவதையும் உரசுவதையும் தனித்தனியாகக் கணினியில் கணக்கிடும் முறையைத்தான் பயன்படுத்தினோம். பீட்டர் கண்டல் (Cundall), ஓட்டோ ஸ்ட்ராக் (Strack) இருவரும் 1979-இல் வெளியிட்டது, இன்றும் அடிப்படை அதுதான். சிக்கல் எண்ணிக்கையில். 1 மில்லிமீட்டர் குருணை என்று வைத்தாலே ஒரு டன் தாதுவில் 40 கோடிக்குப் பக்கம் துகள்கள் வரும். சாதாரணக் கணினிக்குக் கட்டுப்படியாகாது. 20 மில்லிமீட்டர் உருண்டைகளாக ஆக்கிவிட்டால் 50 ஆயிரத்துக்குள் அடங்கும். ஆனால் அது இனி நிஜத் தாது இல்லை. குவித்தால் நிஜக் குவியலின் சரிவு வரும்வரை உராய்வையும் ஒட்டும் தன்மையையும் நாம்தான் திருகித் திருகிச் சரிசெய்ய வேண்டும்.

நான் சரிசெய்தது, ஆய்வகத்தில் பல வாரம் கிடந்து காய்ந்துபோன மாதிரியை வைத்து. பழைய சூட்டை அதில் ஓட்டிப் பார்த்தால், வீடியோவில் வண்ண உருண்டைகள் அருவிபோல விழுந்தன. ஆலைக்குக் கொண்டுபோய்ப் பெருமையாகப் போட்டுக் காட்டினேன். ஷிஃப்ட் மேற்பார்வையாளர் முழுதும் பார்த்துவிட்டு, "இப்படி விழுந்தா நாங்க ஏன் சார் சுத்தியலோட நிக்கிறோம்?" என்றார்.

அப்புறம் கூட்டிப்போய்க் காட்டினார். பின்பக்கத் தகட்டில், மார்பு உயரத்தில், அம்மைத் தழும்புபோல நூற்றுக்கணக்கான குழிகள். அடைக்கும்போதெல்லாம் அங்கேதான் அடிப்பார்களாம். என் வீடியோவில் சரக்கு மிக வேகமாக வழுக்கிப்போன இடமும் அதுவே.

ஓடும் பெல்ட்டை நிறுத்தச் சொல்லி ஈரத் தாதுவை எடுத்து, காற்றுப் புகாத பையில் கட்டிக்கொண்டு திரும்பினேன். கையில் பிடித்தால் கொழுக்கட்டை மாதிரி நின்றது. இந்த முறை புது வடிவமைப்பைத் தொடவே இல்லை. பழைய சூட்டையே, குழிகள் இருந்த இடத்தில் படிவு ஏறும்வரை, உராய்வையும் ஒட்டும் தன்மையையும் மாற்றி மாற்றித் திரும்பத் திரும்ப ஓட்டினேன். அது வந்த பிறகுதான் புது வடிவம்: சரக்கு தகட்டில் முட்டாமல் தழுவிச் சரியும்படி வளைந்த மேல்மூடி, கீழே செங்குத்தான சரிவு.

சூட்டை மாற்றிச் சில மாதம் கழித்துப் போனேன். பின்பக்கத் தகடு பளிச்சென்று இருந்தது. சரி என்று கீழே குனிந்தால், வெளிவாய்க்குச் சற்று மேலே, நாலைந்து புதுக் குழிகள். போனை எடுத்துப் படம்பிடித்துக்கொண்டேன்.