சூடானால் நின்றுவிடும் வண்டி

அக்டோபர் 3

மறுபடியும் நின்றுவிட்டது. இருமவில்லை, தடுமாறவில்லை, சாவியைத் திருப்பியது போலப் பொட்டென்று. வீட்டிலிருந்து கிளம்பும்போது முதல் உதையிலேயே பிடித்த வண்டி. ஓரமாகத் தள்ளிப்போய் நிறுத்திவிட்டு, தலைக்கவசத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இன்ஜின் தொடும் சூட்டுக்கு வந்ததும் உதைத்தேன். ஒன்றுமே நடக்காதது போல ஓடுகிறது.

கடைகளில் கேட்டாகிவிட்டது. கார்புரேட்டர் வண்டிகளை எடுப்பதில்லை என்று ஒரு இடத்தில். இன்னொரு இடத்தில் எடுப்பார்களாம், வரிசையில் நிற்க வேண்டுமாம், அதுவும் அடுத்த பருவத்துக்கு. அங்கிருந்தவர் வண்டியைப் பார்த்த பார்வையிலேயே அதைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்.

சரி, நானே பார்த்துக்கொள்கிறேன்.

அக்டோபர் 4

இங்கே தங்குவதற்கான விண்ணப்பத்துக்குப் பதில் கடிதம் வரவில்லை.

அக்டோபர் 5

தூக்கம் வரவில்லை, எழுதியாவது பார்க்கலாம். இன்ஜினுக்கு வேண்டியது பெட்ரோல், கரண்ட், கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் பிஸ்டன் உண்டாக்கும் அழுத்தம்). ஓடும் வண்டி நிற்கிறது என்றால் மூன்றில் ஒன்று போயிருக்கிறது. ஆறியதும் ஓடுகிறது என்றால் போனது திரும்பி வருகிறது. சூட்டில் போய், ஆறினால் திரும்புவது எது?

பெட்ரோலைப் பற்றி எல்லோரும் சொல்வது டேங்க் மூடியில் இருக்கும் காற்றுத் துளை. அது அடைத்துக்கொண்டால் உள்ளே வெற்றிடம் உண்டாகிப் பெட்ரோல் இறங்காது. நின்ற உடனே மூடியைத் திறந்தால் 'உஸ்' என்று காற்று உள்ளே போகும் சத்தம் கேட்கும். இன்று மாலை நின்றதும் அதைத்தான் முதலில் செய்தேன். உஸ்ஸும் இல்லை, புஸ்ஸும் இல்லை. கார்புரேட்டர் கிண்ணத்தின் அடித் திருகைத் தளர்த்தினால் பெட்ரோல் தாராளமாக ஒழுகுகிறது. ஆக, பெட்ரோல் குற்றவாளி இல்லை.

மிச்சம் இரண்டு. கரண்ட் என்றால் ஏதோ ஒரு காயில், அதாவது செம்புக் கம்பிச் சுருள், சூட்டில் அறுந்து, ஆறினால் ஒட்டுகிறது. கம்ப்ரஷன் என்றால் வால்வு.

இதில் ஒரு சங்கடம். நின்ற நிமிடத்தில் பார்த்தால்தான் உண்டு, வீட்டுக்கு வந்து சேரும்போது எல்லாம் சரியாக இருக்கும். பிளக் ஸ்பானர், ஒரு புதுப் பிளக், மீட்டர், தடித்த கையுறை எல்லாவற்றையும் பையில் போட்டுவிட்டேன். இனிமேல் வண்டி நிற்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு ஓட்ட வேண்டும்.

அக்டோபர் 7

நிலத்தடி வண்டி நிறுத்தத்தில் விளக்கு ஆள் அசைந்தால்தான் எரியும். ஒரு நட்டை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தால் அணைந்துவிடுகிறது. கையைத் தூக்கி ஆட்ட வேண்டும்.

கையேடு ஸ்கேன் செய்த பிரதி. யாருடைய எண்ணெய்க் கைரேகையோ வயரிங் பக்கத்தில் அப்படியே பதிந்திருக்கிறது. அந்தப் பக்கத்தைத் தவிர வேறு எதையும் நம்புவதாக இல்லை. பச்சை ஒயர்தான் எர்த் என்று ஒருவர் அடித்துச் சொல்கிறார், அது ஹோண்டாவில். யமஹாவில் கறுப்பு, சுஸுகியில் கறுப்பில் வெள்ளைக் கோடு. நிறத்தை மட்டும் கேட்டுக்கொண்டு ஒயரில் கை வைத்தால் வினைதான்.

முன்பு வைத்திருந்தவர் பிளஸ் திருகுகள் எல்லாவற்றின் தலையையும் மழித்து வைத்திருக்கிறார். ஜப்பான் வண்டிகளில் இருப்பது ஜே.ஐ.எஸ். (ஜப்பானியத் தொழில் தரம்) திருகு, பல திருகுகளின் தலையில் சின்னப் புள்ளி ஒன்று இருக்கும். அதில் சாதாரண பிலிப்ஸ் ஸ்க்ரூ டிரைவரை வைத்து முறுக்கினால் நுனி அடிவரை போய் உட்காராது, முறுக்க முறுக்க மேலே ஏறி வழுக்கும். சரியான டிரைவரை வைத்துச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினேன். வராது என்று நினைத்த இரண்டு திருகுகள் பொசுக்கென்று வந்துவிட்டன. இந்த வாரத்தில் உருப்படியான சந்தோஷம் இது ஒன்றுதான்.

அக்டோபர் 8

அண்ணனிடம் பேசினேன். அவருக்கு அப்போது நடுராத்திரி.

"டேப்பெட் எப்போடா பார்த்தே?"

"வாங்கினதுலேர்ந்து தொடவே இல்லண்ணே. ஆனா சத்தமே கிடையாது. அவ்வளவு சைலன்ட்டா ஓடுது."

"அதுதாண்டா பயமே. டேப்பெட் கொஞ்சம் பேசணும். பேசலைன்னா கேப் இல்லைன்னு அர்த்தம்."

டேப்பெட் என்று அவர் சொல்வது, வால்வுக்கும் அதை அழுத்தித் திறக்கும் ராக்கருக்கும் நடுவில் விடும் மெல்லிய கேப்பை. ஓடவிட்டுப் போனைப் பக்கத்தில் வை என்றார். வைத்தேன். அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை. போன்காரர்கள் பேச்சைத் தவிர மற்றதை வடிகட்டிவிடுகிறார்கள் போலிருக்கிறது. நமக்கு வேண்டியதே அந்த மற்றதுதான். கடைசியில் பதிவு செய்து அனுப்பினேன். இன்னும் பதில் இல்லை, தூங்கியிருப்பார்.

அமைதியாக ஓடுகிறது என்று எத்தனை பேரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

அக்டோபர் 10

கடிதம் இல்லை. ஆனால் லிஃப்ட் பக்கத்தில் ஒரு அறிவிப்பு. நிறுத்தத்தில் ஓடாத வண்டி எதுவும் மாதக் கடைசிக்கு மேல் இருக்கக் கூடாது. ஓடாத என்பதற்கு அடியில் கோடு போட்டிருக்கிறார்கள்.

என் வண்டி ஓடுகிறது. சூடாகும் வரை ஓடுகிறது.

அக்டோபர் 12

டேப்பெட் பார்த்தேன். ராத்திரி முழுக்க ஆறிக் கிடந்த இன்ஜினில்தான் பார்க்க வேண்டும், அதனால் விடியற்காலையிலேயே இறங்கிவிட்டேன். பிளக்கைக் கழற்றி, இன்ஜின் பக்கவாட்டில் மேக்னட் கவரில் இருக்கும் இரண்டு மூடிகளையும் திறந்து, ஸ்பானரால் கிராங்கை மெல்லச் சுற்றினால், பிஸ்டன் உச்சிக்கு வந்ததைக் காட்டும் 'டி' கோடு ஜன்னலில் வந்து நிற்கும். அதோடு திருப்திப்பட்டுவிடக் கூடாது. நாலு ஸ்ட்ரோக் இன்ஜினில் அந்தக் கோடு இரண்டு சுற்றுக்கு இரண்டு முறை வரும், அதில் ஒன்றுதான் கம்ப்ரஷன் முடிவு. மற்றதில் வால்வுகள் லேசாகத் திறந்திருக்கும். ராக்கரை விரலால் ஆட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும், கம்ப்ரஷன் முடிவில் இரண்டுமே கொஞ்சம் ஆடும்.

இன்டேக் ஆடியது. எக்ஸாஸ்ட் ஆடவில்லை.

இன்னொரு முழுச் சுற்றுச் சுற்றிப் பார்த்தேன். இப்போது இரண்டுமே ஆடவில்லை. திரும்பப் பழைய இடத்துக்கே வந்தேன். கேப்பை அளக்கும் ஃபீலர் கேஜில் இருப்பதிலேயே மெல்லிய தகட்டை நுழைத்துப் பார்த்தேன். போகவில்லை. கேப் பூஜ்யம்.

வால்வு தேயத் தேய சத்தம் கூடும் என்றுதான் இத்தனை காலம் நினைத்திருந்தேன். நடப்பது தலைகீழ். வால்வு தன் இருக்கைக்குள் கொஞ்சம் கொஞ்சமாக அமிழ்கிறது, அதன் தண்டு மேலே ஏறுகிறது, இருந்த கேப்பைத் தின்றுவிடுகிறது. எக்ஸாஸ்ட் வால்வு தன் சூட்டைப் பெரும்பாலும் இறக்குவது மூடியிருக்கும் நேரத்தில், இருக்கையின் வழியாகத்தான். முழுசாக மூட முடியாத வால்வுக்கு இறக்கிவைக்க இடமில்லை. சத்தம் போடாமல் வெந்துகொண்டிருக்கும்.

லாக் நட்டைத் தளர்த்தி, 0.10 மி.மீ. தகட்டை வைத்து, இழுத்தால் லேசாகப் பிடிக்கிற அளவுக்குத் திருகை நிறுத்தி, நட்டை இறுக்கினேன். இறுக்கும்போது திருகும் கூடவே ஒரு மயிரிழை திரும்பி, தகடு சிக்கிக்கொள்கிறது. தளர்த்து, கொஞ்சம் கூடவே விடு, இறுக்கு, தகட்டை இழு. விளக்கு அணைகிறது. கையை ஆட்டு. மறுபடியும் முதலிலிருந்து.

கடைசியில் வந்தது. அந்தப் பிடிப்பு எப்படி இருக்கும் என்று விரலுக்குத் தெரிந்துவிட்டது, அதைச் சொல்லிப் புரியவைக்க முடியாது.

அக்டோபர் 13

இப்போது டக் டக் என்கிறது. வேலைக்குப் போகும் அவசரத்திலும் கீழே போய் ஒரு தடவை கேட்டுவிட்டு வந்தேன்.

அக்டோபர் 15

நின்றுவிட்டது. அதே போல, பொட்டென்று.

முதலில் அழுகை வந்தது. அப்புறம் பை ஞாபகம் வந்தது. கையுறையைப் போட்டுச் சூடான பிளக்கைக் கழற்றி, புதுப் பிளக்கைத் தொப்பியில் மாட்டி, அதன் உலோகத்தை சிலிண்டர் ஹெட்டின் துடுப்பில் அழுத்திக்கொண்டு, பிளக் துளையை விட்டு நன்றாகத் தள்ளிவைத்து, உதைத்தேன். கரண்ட் இல்லை. உள்ளங்கையால் வெயிலை மறைத்துக்கொண்டு மறுபடி உதைத்தேன். துளிப் பொறி இல்லை.

ஆக, நிற்பதற்கும் டேப்பெட்டுக்கும் சம்பந்தமில்லை. (அண்ணனுக்கு அதனால் ஒன்றும் குறைவில்லை. இன்னும் சில மாதம் போயிருந்தால் வால்வே கருகியிருக்கும்.)

சீட்டைத் தூக்கி, எப்போது பொறி விட வேண்டும் என்று சொல்லும் பிக்கப் காயிலின் கனெக்டரைப் பிரித்து, ஓம்ஸில் மீட்டரை வைத்தேன். ஓ.எல். அதாவது மீட்டரின் எல்லையைத் தாண்டிவிட்டது, காயில் அறுந்திருக்கிறது. வீட்டில் ஆறிய நிலையில் பார்த்தபோது கையேடு சொன்ன எல்லைக்குள் ஒழுங்காக இருந்த அதே காயில். மீட்டரை எடுக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தேன். லாரிகள் போயின. ஒருவர் நிறுத்தி உதவி வேண்டுமா என்று கேட்டார், வேண்டாம் என்று சைகை காட்டினேன். அவரிடம் என்ன சொல்வது, எண் வரக் காத்திருக்கிறேன் என்றா?

வந்தது. ஓ.எல். மறைந்து ஏதோ ஒரு எண் துள்ளியது, மறுபடி ஓ.எல்., அப்புறம் எண், அப்புறம் நிலைத்து நின்றது. இணைத்து உதைத்தேன். முதல் உதை.

வண்டி ஓடியது என்பதைவிட, நான் கண்ணால் பார்த்துவிட்டேன் என்பதுதான் பெரிதாக இருந்தது. வழி முழுக்கப் பாடிக்கொண்டே வந்தேன்.

அக்டோபர் 16

இன்று வண்டியைப் பற்றி எழுதப் போவதில்லை. வேறு எழுதவும் எதுவும் இல்லை.

அக்டோபர் 18

மேக்னட் கவரைக் கழற்றிக் காயிலை மேசைக்குக் கொண்டுவந்தேன். தலைமுடி உலர்த்தும் கருவியால் சூடு காட்டினால் எண் ஏறுகிறது. செம்பு சூடானால் ஏறத்தான் செய்யும். ஆனால் ஏறிக்கொண்டே போய்த் திடீரென்று ஓ.எல். ஆகிறது. நிறுத்தினால் திரும்புகிறது. திரும்பத் திரும்பச் செய்து பார்த்தேன், சந்தேகத்துக்காக இல்லை, ஆசைக்காக.

பார்ட் நம்பரைத் தேடினால் நிறுத்திவிட்டார்கள் என்று வருகிறது. அதற்குப் பதிலாக வந்த நம்பரும் நிறுத்தம். கடைசியில் வேறொரு நாட்டில் ஒருவரிடம், அடிபட்ட வண்டியிலிருந்து எடுத்தது இருக்கிறது. சூட்டில் சோதித்தீர்களா என்று கேட்டு எழுதினேன். கெண்டியில் வெந்நீர் வைத்து, காயிலை ஒரு பையில் போட்டு அமிழ்த்தி, மீட்டரோடு படம் எடுத்து அனுப்பியிருக்கிறார். இந்த மனிதரை நேரில் பார்த்தால் கட்டிப்பிடிப்பேன்.

அக்டோபர் 21

காலையில் எழுந்ததும் இரண்டு பக்கங்களைத் திறந்து பார்க்கிறேன். ஒன்றில் 'பரிசீலனையில்'. இன்னொன்றில் 'சுங்கத்தில்'. இரண்டிலும் அசைவில்லை. மதியமும் பார்க்கிறேன்.

அக்டோபர் 25

சும்மா உட்கார முடியவில்லை, பிரேக் ஆயிலை மாற்றிவிடலாம் என்று இறங்கினேன். டாட் 4 தரம், இருந்தது தேயிலைச் சாயத்தில். காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும் திரவம் அது. புதிதில் குறைந்தது 230 டிகிரியில் கொதிக்க வேண்டும் என்பது விதி, ஈரம் ஏறியதும் 155-க்கு இறங்கினாலும் ஏற்கத்தக்கது. இறக்கத்தில் தொடர்ந்து பிரேக் பிடிக்கும்போது அந்த வித்தியாசம் தெரியும், லீவர் கைப்பிடி வரை வந்துவிடும்.

நாயோடு இறங்கிவரும் மூன்றாம் மாடிப் பெரியவர் இன்று நின்றார். என்ன செய்கிறேன் என்று பார்த்தார். நாயைத் தூணில் கட்டினார். லீவரைப் பிடித்துக்கொண்டார். நான் தலையாட்டினால் அழுத்துவார், நிப்பிளைத் தளர்த்துவேன், குழாயில் குமிழ் வரும், மூடுவேன், அப்புறம்தான் விடுவார். ஒரு தடவைகூட முந்தவில்லை. இதற்கு முன் எங்கோ செய்திருக்கிறார், சந்தேகமே இல்லை. விளக்கு அணைந்தபோது அவரே கையை ஆட்டினார்.

டேங்கில் சொட்டியதை உடனே தண்ணீர் விட்டுக் கழுவினேன். பெயின்ட்டைத் தின்றுவிடும்.

அக்டோபர் 27

விற்றுவிடலாம். பேருந்து இருக்கிறது. எதற்கு இந்த வேலை? அங்கே இருப்பேனா, இங்கே இருப்பேனா என்பதே தெரியாத ஆளுக்கு வண்டி எதற்கு? விளம்பரத்துக்குப் படம் எடுத்தேன். மேக்னட் கவர் இல்லாமல் படத்தில் பார்க்கவே சகிக்கவில்லை, போடவில்லை.

அக்டோபர் 30

பார்சல் வந்தது!

அக்டோபர் 31

மாதக் கடைசி.

பழைய கேஸ்கட்டின் மிச்சத்தையும், முன்பு வைத்திருந்தவர் அப்பியிருந்த சிலிக்கோனையும் சுரண்டவே பாதி நாள் ஆனது. கவரைத் திரும்ப மாட்டும்போது விரலை எங்கே வைக்கிறோம் என்று பார்த்துக்கொள்ள வேண்டும். மேக்னட் அதை வெடுக்கென்று இழுத்துக்கொள்கிறது, நடுவில் இருப்பது எதுவானாலும் நசுங்கும். ஆறு மில்லிமீட்டர் போல்ட்டுகளுக்கு 10 நியூட்டன் மீட்டர் போதும், அலுமினியத்தில் மறை போனால் அப்புறம் வேறு கதை. எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினேன்.

உதைத்தேன், ஓடியது. அது எப்போதும் ஓடும். நெடுஞ்சாலை வரை போய், திரும்பி, வழக்கமாக நிற்கும் இடத்தைத் தாண்டி, வேண்டுமென்றே நெரிசலுக்குள் நுழைந்து, சிக்னலில் ஸ்லோவில் விட்டுக் கொதிக்க வைத்தேன். நிற்கவில்லை. இன்னொரு சுற்று. நிற்கவில்லை. பெட்ரோல் ரிசர்வுக்கு வந்ததும்தான் திரும்பினேன்.

நிறுத்தத்தில் குறிப்பேடு வைத்துக்கொண்டு ஒருவர் வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் எதிரில் கொஞ்ச நேரம் அணைக்காமலே வைத்திருந்தேன். டக் டக் டக்.

நவம்பர் 3

கடிதம் வந்தது. இன்னொரு சான்றிதழ் வேண்டுமாம். அனுப்பிய நாளிலிருந்து திரும்பவும் எட்டு வாரமாம்.

அண்ணனிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "ஸ்லோல அணையாம ஓடுதா?" என்றார். ஓடுகிறது, நிமிடத்துக்கு 1,300 சுற்றில். "முன்னாடி ஃபோர்க்கப் பார்த்தியா? குளிருக்கு முன்னாடி பார்த்துரு."

போய்ப் பார்த்தேன். முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் இடது குழாயில் சீலுக்குக் கீழே எண்ணெய் வளையம். சீல் அளவு மி.மீ.-இல் உள் விட்டம் 37, வெளி விட்டம் 50, தடிமன் 11. இரண்டு பக்கத்துக்கும் சேர்த்தே வாங்க வேண்டும்.