ஆசனத்தைத் துறந்தவர்

யாழ்ப்பாண நூலகப் பக்கம் போனால், இலங்கைத் தமிழரின் அரசியல் தலைவராயிருந்த தந்தை செல்வாவின் (எஸ்.ஜே.வி. செல்வநாயகம்) நினைவுத் தூபியடியில் சைக்கிளை நிறுத்தாமல் வர மனம் கேட்காது. 1947 நாடாளுமன்றத் தேர்தலில் காங்கேசன்துறைத் தொகுதியில் வென்றார், 1952இல் தோற்றார், 1956இலிருந்து தொடர்ந்து வெற்றிதான். சரி, அதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். என்னைத் தொடுவது 1972. இலங்கையின் புதிய குடியரசு அரசியல் யாப்பை எதிர்த்து நாடாளுமன்ற ஆசனத்தையே துறந்து, மக்களிடமே கேளுங்கள் என்று நின்றார். இடைத்தேர்தலை அரசாங்கம் இரண்டு வருடத்துக்கு மேல் இழுத்தடித்தது. 1975 பெப்ரவரியில் வாக்கெடுப்பு நடந்தபோது, பார்க்கின்சன் நோயால் தளர்ந்துபோன அந்த மனிதருக்கு 76 வயது. வென்றார், பெருவெற்றி. அம்மப்பா அன்று விடியவே வரிசையில் நின்றவர். "அவர் கதைச்சா முன்னுக்கு இருக்கிறவைக்கே வடிவாக் கேக்காது தம்பி. ஆனா ஒருத்தரும் எழும்பிப் போகேல்லை" என்பார். சொல்லும்போது கை தானாகவே நெஞ்சுக்குப் போகும்.