கெத்தா மரச்செருப்பின் நுனியில் நிற்கப் பழகியாச்சு!

போன ஞாயிற்றுக்கிழமை டோக்கியோவின் எடோகாவா வட்டாரத்தில், எங்கள் பகுதிச் சமூகக் கூடத்தின் பண்பாட்டுப் பரிமாற்ற விழா நடந்தது. அதில் ஆவா ஒதோரி என்ற ஜப்பானிய நாட்டுப்புற ஆட்டம் ஆடினோம். கூடத்துக்கு முன்னால் இருக்கும் தெருவை எங்களுக்காக மூடிக் கொடுத்திருந்தார்கள். பெண்கள் வரிசையில், இந்த முனையிலிருந்து அந்த முனை வரை, குதிகால் ஒரு தடவைகூட இறங்காமல் ஆடி முடித்தேன். அந்தச் சந்தோஷத்தில்தான் இதை எழுதுகிறேன்.

இரண்டு தட்டுத் தாளம், வலது கையோடு வலது கால், இடது கையோடு இடது கால். இது சீக்கிரம் பிடிபட்டுவிடும். பாடாய்ப் படுத்துவது கெத்தாதான். ஆண்கள் தபி காலுறையோடு இடுப்பைத் தாழ்த்தி ஆடுகிறார்கள். பெண்களுக்குக் கெத்தா, அதாவது அடியில் பல் மாதிரி இரண்டு குறுக்குக் கட்டை வைத்த மரச் செருப்பு. அதையும் தட்டையாக ஊன்றக் கூடாது. முன்பக்கமாகச் சாய்த்து, கட்டையின் நுனியும் முன் பல்லும் மட்டும் தரையில் பட, பின் பல் அந்தரத்தில் நிற்க வேண்டும். முதல் தட்டுக்கு ஒரு கால் முன்னால் போய்த் தரையைத் தொட்டுவிட்டு எழும். அந்த நேரம் முழுப் பாரமும் மற்றக் காலின் அந்த விளிம்பில்தான்.

கெண்டைக்கால் வலு இருந்தால் போதும் என்று பலர் சொல்வார்கள். நான் கண்டவரை விஷயம் பெருவிரல் இடுக்கில் மாட்டும் ஹனாஓ வாரில் இருக்கிறது. வார் தளர்ந்திருந்தால், கெத்தாவைச் சாய்த்ததுமே பாதம் முன்னால் வழுக்கும். பெருவிரல் இடுக்கில் வார் அறுக்கும். வலி தாங்காமல் குதி இறங்கிவிடும். இணையத்தில் வாங்கிய ஜோடியில் இதே தொல்லைதான். அளவும் ஒரு சுற்றுப் பெரிதாக அனுப்பிவிட்டு, மாற்றித் தர மாட்டோம் என்றார்கள். எனக்கு இன்னும் ஆற்றாமை தீரவில்லை. கெத்தா வாங்கினால் நேரில் போய்க் காலில் போட்டுப் பார்த்தே வாங்குங்கள். குதி பின்னால் கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் அளவுதான் சரியான அளவு.

அப்புறம் அசாகுசா பக்கம் ஒரு பழைய காலணிக் கடை கிடைத்தது. கடைக்காரப் பெரியவர் கெத்தாவைக் கவிழ்த்து, அடியில் இருந்த முடிச்சுகளை அவிழ்த்தார். என்னை ஏறி நிற்கச் சொல்லி, புறங்காலுக்கும் வாருக்கும் நடுவே விரலை விட்டுப் பார்த்துப் பார்த்து இறுக்கிக் கட்டினார். முன் முடிச்சை மட்டும் அவசரப்படாமல் திரும்பத் திரும்ப இழுத்துச் சரிபார்த்தார். அந்தக் கைக்கு எவ்வளவு கொடுத்தாலும் தகும். பற்களுக்கு அடியில் ரப்பர் ஒட்டிய ஜோடி என்பதால் தார்ச்சாலையிலும் வழுக்கவில்லை.

மிச்சத்தைச் சரிசெய்தது எங்கள் சென்செய், அதாவது ஆட்ட ஆசிரியர், சொன்ன ஒரு வார்த்தை: "குதியைத் தூக்காதீங்க, நெஞ்சை முன்னால கொண்டு போங்க. குதி தானா எழும்." அப்படியேதான் நடந்தது. முழங்கால்கள் ஒட்டியே இருக்க வேண்டும் என்பது மட்டும், சின்ன வயசில் பரதத்தில் முழங்காலை விரித்து அரைமண்டி உட்கார்ந்து பழகிய என் காலுக்கு நேர் எதிர். உடம்பைச் சுற்றிக் கட்டும் யுகாட்டா உடையின் இறுக்கமே அதைப் பார்த்துக்கொள்கிறது. அமிகாசா தொப்பி நெற்றியை மறைப்பதால், முன்னால் ஆடுபவரின் குதிகால் தவிர அதிகம் தெரியாது. கானே மணி வேகமெடுத்ததும் அந்தக் குதிகால்கள் எல்லாம் ஒரே உயரத்தில் துடித்ததைப் பார்த்தேனே, அதற்காகவே எத்தனை மாதமும் பழகலாம்.

விழாவில் நம் பெண்கள் கும்மி அடித்தார்கள். கடைசியில் எல்லோரும் வட்டம் கட்டித் தாங்கோ புஷி ஆடினோம். ஃபுகுவோக்காவின் நிலக்கரிச் சுரங்கப் பாட்டு அது. தோண்டுவது, தோளில் போடுவது, திரும்பிப் பார்ப்பது, வண்டி தள்ளுவது எல்லாம் அசைவிலேயே இருக்கும். பாட்டில் வரும் மீக்கே சுரங்கத்தை 1997-இல் மூடிவிட்டார்கள். ஆட்டம் மட்டும் ஊர் ஊராக நடக்கிறது. சுற்று முடிவில் வரும் கைதட்டலைக் கும்மி அடித்தவர்கள் முதல் சுற்றிலேயே பிடித்துக்கொண்டார்கள். ஜப்பானியப் பாட்டிகளுக்கு ஒரே பூரிப்பு.

அடுத்த ஆகஸ்டில் கிஃபு மாகாணத்தில் இருக்கும் குஜோ ஹச்சிமான் ஊருக்குப் போக ஆசை. 13 முதல் 16 வரை நான்கு இரவும் விடிய விடிய ஆடுவார்கள். 2022-இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்ந்த ஃபூர்யூ ஒதோரி என்ற ஊர்த் திருவிழா ஆட்டங்களில், அந்த ஊரின் குஜோ ஒதோரியும் ஒன்று. அங்கே கெத்தாவைத் தரையில் ஓங்கித் தட்டி ஒலி எழுப்ப வேண்டும். அதற்கென்று தனி ஜோடி வாங்கியாக வேண்டும். உள்ளூர் ஹினோக்கி மரத்தில் செய்தது கிடைத்தால் இன்னும் நல்லது.

அதற்குள் ஆவா ஒதோரியில் கை அசைவைச் சரிசெய்வது மீதி இருக்கிறது. கைகள் தொப்பிக்கு மேலேயே நிற்க வேண்டும். கால் வேகமெடுத்தால் முழங்கை தாழ்ந்துவிடுகிறது. அடுத்த பயிற்சியில் செருப்பில்லாமல், கையை மட்டும் மெதுவான தாளத்தில் எடுக்கலாம் என்று சென்செய் சொல்லியிருக்கிறார்.