ஐந்து கதிரைகளும் இல்லாத கதவும்: வரலாறு, இரண்டாம் முறை

உயர்தரப் பெறுபேறு வந்து ஆறு நாட்கள் ஆகின்றன. வரலாறு ஏ. கடந்த முறை சீ. இடையில் போன ஒரு வருடத்தை யாரும் திருப்பித் தரப்போவதில்லை. அந்த வருடத்தில் பிடிபட்டதையாவது எழுதி வைக்கிறேன். தமிழும் புவியியலும் எனக்கு இரண்டு முறையும் ஒரே பெறுபேறுதான், அவற்றைப் பற்றி என்னிடம் கேட்கவேண்டாம்.

வினாத்தாள் எப்படி வரும் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். நான் பேசப்போவது ஐரோப்பிய வரலாற்றின் ஒரே ஒரு துண்டைப் பற்றி: 1795 முதல் 1799 வரை பிரான்சை ஆண்ட பணிப்பாளர் சபை. வகுப்பில் நாங்கள் டிரெக்டரி என்போம். எங்கள் கொப்பிகளில் பிரெஞ்சுப் புரட்சியில் பயங்கர ஆட்சியை நடத்திய ரொபெஸ்பியருக்கு ஆறு பக்கம், நெப்போலியனுக்குப் பத்துப் பக்கம். இதற்கு அரைப் பக்கம், இரண்டு மாடி வீடுகளுக்கு நடுவே போகும் ஒழுங்கை மாதிரி. அந்த ஒழுங்கையில்தான் நான் விழுந்தேன்.

முதல் முறை வினா, இந்த ஆட்சி ஏன் நிலைக்கவில்லை என்பதைச் சுற்றியே இருந்தது. நான் பயங்கர ஆட்சியிலிருந்து, அதாவது புரட்சிக்கு எதிரிகள் என்று பலரின் தலையை வெட்டிய காலத்திலிருந்து, தொடங்கினேன். 1794 ஜூலை 27இல் ரொபெஸ்பியர் வீழ்ந்தது, மறுநாள் தலை போனது, அதற்கு முன் யார் யார் தலை போனது என்று ஒன்றரைப் பக்கம். கை வலிக்க எழுதினேன், பெருமையாகவும் இருந்தது. கேட்ட விடயத்துக்கு வந்தபோது நேரம் இல்லை. "ஊழல் மிகுந்த, திறமையற்ற ஆட்சி, மக்கள் வெறுத்தனர், நெப்போலியன் கைப்பற்றினார்" என்று நான்கு வரிகளில் முடித்துவிட்டேன். வகுப்பில் தந்த குறிப்பும் அவ்வளவுதான். குறை சொல்லவில்லை. சரி, கொஞ்சம் சொல்கிறேன்.

இன்னொரு வெட்கக்கேடும் உண்டு. 1797இல் நாற்பத்தொன்பது டிபார்ட்மென்ற்களின் தேர்தல் முடிவுகள் இரத்துச் செய்யப்பட்டன. அங்கே அது ஒரு நிர்வாகப் பிரிவு, நம் மாவட்டம் மாதிரி. நான் "49 திணைக்களங்களில் தேர்தல் இரத்து" என்று எழுதிவிட்டு வந்தேன். பஸ்ஸில் என் தோழி கேட்டாள்: "எந்தத் திணைக்களமடி, நீர்ப்பாசனமா, காணிப் பதிவா?" உவர்மலை வரை சிரித்தாள்.

மீள்திருத்தத்துக்கு விண்ணப்பித்தும் சீ, சீயாகவே இருந்தது. இரண்டாம் முறை எழுதுவதாக முடிவெடுத்த பிறகு ஒரு வெள்ளிக்கிழமை அம்மம்மாவுடன் கோணேசர் கோயிலுக்குப் போனேன். அவர் மேலே போய்விட்டார். நான் திருகோணமலைப் பிரெட்ரிக் கோட்டைக்குள் ஆலமர நிழலில் ஒற்றைகளை மடியில் பரப்பிக்கொண்டு இருந்தேன். அங்கே மான்கள் மனிதருக்குப் பயப்படுவதில்லை என்பது ஊராருக்குத் தெரியும். ஒன்று பின்னால் வந்து, நான் கடலைப் பார்த்திருந்த நேரத்தில் ஒரு ஒற்றையை இழுத்து மெல்லத் தொடங்கியது. இழுத்தேன், மூலை மட்டும் கையில் வந்தது. போனது டிரெக்டரி அரைப் பக்கம்.

அம்மம்மா வரும்வரை செய்வதற்கு வேறு ஒன்றும் இல்லை. நினைவிலிருந்து எழுதப் பார்த்தேன். ஊழல், திறமையின்மை, வெறுப்பு. மூன்று சொற்களுக்கு மேல் எதுவும் வரவில்லை. அப்படியானால் எனக்கு அது தெரியவே தெரியாது. வீட்டுக்கு வந்து அந்த மூன்று சொற்களையும் தொடுவதில்லை என்று வைத்துக்கொண்டு, அரசியலமைப்பை மட்டும் படமாக வரைந்தேன். எனக்கு ஏ வாங்கித் தந்தது இந்தப் படம்தான். மற்றவர்கள் வேறு சொல்வார்கள், கேட்காதீர்கள்.

படம் இதுதான். ஒரு வீடு. ஒரு அறையில் ஐந்து கதிரைகள், ஐந்து பணிப்பாளர்கள், ஒவ்வொருவருக்கும் குறைந்தது நாற்பது வயது. அடுத்த அறையில் ஐந்நூற்றுவர் சபை, வயது முப்பதுக்கு மேல். சட்டத்தை முன்மொழிவது இவர்கள். மூன்றாவது அறையில் மூத்தோர் சபை, 250 பேர், நாற்பதுக்கு மேல், மணமானவராகவோ துணையை இழந்தவராகவோ இருக்கவேண்டும்; ஏற்பதும் மறுப்பதும் இவர்கள். ஒவ்வொரு ஆண்டும் சபைகளில் மூன்றில் ஒரு பங்கினர் வெளியேறவேண்டும். பணிப்பாளர்களில் ஒருவர் சீட்டுக் குலுக்கி வெளியேறவேண்டும்.

இப்போது கதவுகளை வரையுங்கள். வரைய முடியாது. பணிப்பாளர்களால் சபைகளைக் கலைக்க முடியாது, சட்டத்தைத் தடுக்கவும் முடியாது. கொள்கை பிடிக்கவில்லை என்பதற்காகச் சபைகளால் பணிப்பாளர்களை நீக்க முடியாது. அரசியலமைப்பைத் திருத்தலாமே என்றால், அந்த நடைமுறைக்கு ஒன்பது ஆண்டுகள் வேண்டும். ஆட்சி இருந்ததோ நான்கு ஆண்டுகள்.

ஏன் இப்படிக் கட்டினார்கள்? ரொபெஸ்பியரைக் கண்ட பயம். இன்னொரு தனிமனிதன் எழக்கூடாது, இன்னொரு பாரிஸ் கூட்டம் சபைக்குள் நுழையக்கூடாது. பயங்கர ஆட்சிக்கு இந்த வினாவில் உரிய இடம் இந்த ஒரு வரிதான். ஒரு வரி. என்னைப்போல் ஒன்றரைப் பக்கம் எழுதாதீர்கள்.

கதவில்லாத வீட்டில் சண்டை வந்தால் சுவர்தான் உடையும். ஆண்டுதோறும் தேர்தல் வைப்பார்கள், முடிவு பிடிக்காது, உடைப்பார்கள். ஒவ்வொரு உடைப்புக்கும் மூன்று கேள்விகள் கேளுங்கள்: யார் வென்றது, யார் அந்த வெற்றியை வெட்டியது, யாருடைய சிப்பாய்?

1795 ஒக்டோபர் 5: புதிய சபைகளில் மூன்றில் இரண்டு பங்கு பழைய மாநாட்டு (அதுவரை ஆண்ட சபையின்) உறுப்பினருக்கே என்று விதி. எதிர்த்து மன்னர் ஆதரவாளர் பாரிசில் எழுந்தனர். நெப்போலியனின் பீரங்கி. ஆட்சி தொடங்கும் முன்பே இது.

1797 செப்டெம்பர் 4: வென்றது மன்னர் ஆதரவாளர். வெட்டியது பணிப்பாளர் மூவர். தம்மோடிருந்த கார்னோவையும் பார்த்தெலெமியையும் சேர்த்தே விலக்கினர். சிப்பாயைக் கொண்டுவந்தவர் இத்தாலியிலிருந்து நெப்போலியன் அனுப்பிய தளபதி ஓஜெரோ.

1798 மே 11: இம்முறை வென்றது இடதுசாரிகளான ஜேகோபின்கள். நூற்றுக்கு மேற்பட்டோரின் தெரிவு இரத்து. சிப்பாய் தேவைப்படவில்லை, ஒரு சட்டம் போதுமாயிருந்தது.

1799 ஜூன் 18: தலைகீழ். சபைகள் பணிப்பாளர்களை வெளியே தள்ளின.

1799 நவம்பர் 9, 10: முடிவு. நெப்போலியன் ஆட்சியைக் கைப்பற்றினார்.

நான்காவதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள். வலதும் வென்றது, இடதும் வென்றது, இரண்டையும் நடுவில் இருந்தவர்கள் வெட்டினார்கள். கடைசியில் நடுவில் இருந்தவர்களும் வெட்டப்பட்டார்கள் என்பது அங்கேதான் தெரியும்.

நவம்பர் 1799இல் நெப்போலியனுக்கு வயது முப்பது. பணிப்பாளர் ஆக நாற்பது வேண்டும். நேர்வழியில் அந்தக் கதிரைக்கு வர அவருக்கு வழியே இல்லை. இதைப் படத்தில் சேர்த்த அன்று இரவு பதினொரு மணிக்கு அம்மாவை எழுப்பிச் சொன்னேன். "சரி பிள்ளை, லைட்டை நிறுத்து" என்றார்.

பொருளாதாரத்துக்கு ஒரு பந்தி போதும், ஆனால் வீட்டோடு இணையுங்கள். அசிஞ்ஞா என்ற காகிதப்பணம் மதிப்பிழந்து, 1796 பெப்ரவரியில் அச்சுத் தகடுகளையே மக்கள் முன்னால் அழித்தார்கள். அடுத்து வந்த காகிதமும் ஓராண்டு தாங்கவில்லை. 1797இல் அரச கடனில் மூன்றில் இரண்டு பங்கைக் கைவிட்டார்கள். கடன் கொடுத்தவர்கள்தான் இந்த ஆட்சியை ஆதரித்திருக்கவேண்டிய சொத்துடையவர்கள். திறைசேரிக்கு வெளியிலிருந்து வந்த பணம் இத்தாலியில் படைகள் எடுத்தது. தளபதியிடம் பணமும் இருக்கிறது, சிப்பாயும் இருக்கிறான். பணிப்பாளரிடம் கதிரை மட்டும். சொத்தைப் பொதுவாக்க ஆட்சியைக் கவிழ்க்கத் திட்டமிட்ட பாபெஃபின் சமத்துவச் சதியை (1796) இரண்டு வரிக்குமேல் எழுதவேண்டாம். எனக்கு அவரைப் பிடிக்கும், ஆகவே மூன்று எழுதினேன்.

ஊழலையும் எழுதுங்கள். பணிப்பாளர் பாராஸ் யோக்கியர் என்று நான் சொல்லவில்லை. கடைசியில் எழுதுங்கள்.

நம் ஊர்க்காரருக்கு ஒரு கொசுறு. பிரெஞ்சுப் படைகள் ஒல்லாந்துக்குள் நுழைந்ததால் அதன் ஆட்சித் தலைவர் 1795 ஜனவரியில் இங்கிலாந்துக்கு ஓடினார். அங்கே இலண்டனுக்கு அருகில் உள்ள கியூவிலிருந்து, ஒல்லாந்தரின் குடியேற்றங்களுக்குள் பிரித்தானியரை அனுமதிக்கும்படி கடிதம் எழுதினார். திருகோணமலைக் கோட்டையில் இருந்த ஒல்லாந்தர் இழுத்தடித்தார்கள். பிரித்தானியர் பீரங்கி வைத்தார்கள். கோட்டை சரணடைந்தது 1795 ஓகஸ்ட் 26. பாரிசில் கதவில்லாத அந்த அரசியலமைப்பை மாநாடு ஏற்றது ஓகஸ்ட் 22. நான்கு நாள் இடைவெளி! இலங்கை வரலாற்றுக் கொப்பியும் ஐரோப்பிய வரலாற்றுக் கொப்பியும் அந்த ஒரு வாரத்தில் ஒட்டிக்கொள்கின்றன. மான் என் ஒற்றையைத் தின்றது அதே கோட்டைக்குள்தான். இதைப் பரீட்சையில் எழுதவேண்டாம், புள்ளி கிடையாது. எனக்குத் திகதி மறக்காமல் இருந்தது இதனால்தான்.

இனிச் சில்லறை:

கூட்டாகப் படிக்காதீர்கள். எனக்கு ஒத்துவரவில்லை, ஆகவே சொல்கிறேன்.

புரட்சி நாட்காட்டிப் பெயர்களை (புரட்சிக்காரர் மாதங்களுக்கு வைத்த புதுப் பெயர்கள்) ஆங்கிலத் திகதியோடு சேர்த்துப் படியுங்கள். புரூமேர் 18 என்பது நவம்பர் 9. ஒன்றை மறந்தால் மற்றது காப்பாற்றும்.

விடை எழுதும் முன் வினாத்தாளின் ஓரத்தில் வீட்டை வரையுங்கள். நாற்பது விநாடி. இரண்டாம் முறை நான் வரைந்தபோது மேற்பார்வையாளர் நின்று பார்த்துவிட்டுப் போனார், சித்திரப் பாடம் என்று நினைத்திருப்பார்.

நீலப் பேனை இரண்டு கொண்டுபோங்கள்.

கொப்பி கேட்டு வருகிறவர்களுக்கு: ஐரோப்பாக் கொப்பி கிண்ணியாவுக்குப் போய்விட்டது, திரும்பி வர இரண்டு வாரமாகும். இலங்கைக் கொப்பி இருக்கிறது. 1795ஆம் ஆண்டுப் பக்கத்தில் மீன்குழம்புக் கறை உண்டு, அதன் கீழே உள்ள திகதி ஓகஸ்ட் 26.