ஏஜெண்டின் கையில் எவ்வளவு அதிகாரம்?

சுன்னாகத்தில் ஒரு மொத்த வியாபாரக் கடைக்கு ஏஐ ஏஜெண்ட் (செய்தியைப் படித்துத் தானே வேலைகளைச் செய்யும் மென்பொருள்) செய்து கொடுக்கிறோம். அது ஒவ்வொரு வேலைக்கும் அழைக்கும் சிறு நிரல்தான் டூல். சரக்கு இருப்பைப் பார்க்கும் டூலுக்கு வாசிக்க மட்டும்தான் அனுமதி. விலையை மாற்றுவதும் காசைத் திருப்பி அனுப்புவதும் முதலாளி ஃபோனில் சரி சொன்ன பிறகே நடக்கும். இதையெல்லாம் ப்ராம்ப்டில், அதாவது ஏஜெண்டுக்குள் முடிவெடுக்கும் மொழி மாடலுக்கு நாம் தரும் அறிவுறுத்தலில், எழுதிவிட்டால் போதும் என்பவர்களோடு எனக்குத் துளியும் உடன்பாடில்லை, ஏனென்றால் வாடிக்கையாளர் அனுப்பும் செய்திக்குள்ளேயே ஒரு கட்டளையை ஒளித்து மாடலைத் திசைதிருப்பலாம், ஆனால் ஏஜெண்ட் சர்வரிடம் காட்டும் அனுமதிச் சாவியான டோக்கனுக்கே அந்த உரிமை இல்லையென்றால் சர்வர் மறுத்துவிடும்.

அப்புறம் வேக வரம்பு. டூலுக்கு விடும் ஒரு அழைப்பு தோற்றால் ஏஜெண்ட் அதையே திரும்பத் திரும்ப விடக்கூடும். நிமிடத்துக்கு 20 அழைப்பு என்று வைத்தோம், எஸ்எம்எஸ் டூலுக்கு மட்டும் 3, ஒவ்வொன்றும் காசல்லவா. தாண்டினால் சர்வரிலிருந்து 429 பிழையோடு (அழைப்புகள் அளவுக்கு மீறிவிட்டன என்று பொருள்), எத்தனை விநாடி பொறுக்க வேண்டும் என்பதையும் பதிலின் தலைப்பகுதியில் உள்ள ரீட்ரை-ஆஃப்டர் ஹெடரில் அனுப்புங்கள். அதை மதிப்பது ஏஜெண்டை இயக்கும் நிரலின் வேலை, மாடலிடம் விடாதீர்கள்.