அக்காவின் மகனை வீட்டுக்கு அழைத்து வந்த பதினொரு மாதங்கள்

அக்கா இறந்து, அத்தானும் கொழும்புக்குப் போய்த் திரும்பாத நிலையில், அவர்களுடைய ஏழு வயது மகனை நீதவானின் கட்டளைப்படி ஒரு சிறுவர் இல்லத்தில் சேர்த்துவிட்டார்கள். அப்போது நான் பிரசவத்துக்காக வைத்தியசாலையில் இருந்தேன். பிள்ளையை எங்களிடம் தருமாறு கேட்க நானும் கணவரும் முதன்முறை போனபோது, அந்த இல்லத்தை நடத்துவது அரசாங்கம் என்றே நினைத்திருந்தோம். உண்மையில் அது ஒரு தனியார் தர்ம ஸ்தாபனம். இலங்கையில் பெரும்பாலான சிறுவர் இல்லங்கள் இப்படித்தான், மாகாண நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புத் திணைக்களத்தில் பதிவு செய்துகொண்டு, பிள்ளை ஒன்றுக்கு மாதந்தோறும் அரசு தரும் சிறு தொகையையும் நன்கொடைகளையும் கொண்டு நடக்கின்றன.

"கூட்டிக்கொண்டு போகச் சொல்ல எங்களுக்கு அதிகாரம் இல்லை அம்மா, கோட்டுக் கட்டளை வேண்டும்" என்றார் மேட்ரன். நன்னடத்தை அலுவலகத்திலோ, இல்லத்தின் அறிக்கை வரவில்லை என்றார்கள். இல்லத்தில் விசாரித்தால், யாரும் அறிக்கை கேட்கவே இல்லை என்றார்கள். இந்த அலைச்சலிலேயே நான்கு மாதங்கள் போயின. போன ஒவ்வொரு நாளும் என் கணவருக்குத் தோட்டத்தில் ஒரு பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், இல்லாமல் போனது.

மேட்ரன்மீது எனக்குக் குறையே இல்லை. பிள்ளையின் காலில் இருந்த புண்ணை ஆற்றியவர் அவர்தான். ஆனால் அவனுடைய சட்டைக் காலரின் உட்புறத்தில் சிவப்பு நூலால் 17 என்று தைத்திருந்ததைப் பார்த்தபோது என் வயிறு கலங்கியது. தலைக்கணக்கில் பணம் கொடுத்து வளர்ப்பை ஒப்படைத்த அரசு, பிள்ளையைச் சொந்தங்களிடம் திருப்பிச் சேர்க்கும் வேலையை யாரிடமும் ஒப்படைக்கவில்லை என்பதே என் வருத்தம்.

பிரதேச செயலகத்தில் இருந்த சிறுவர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தர்தான் வழி காட்டினார். பிறப்புச் சான்றிதழ், அக்காவின் மரணச் சான்றிதழ், கிராம உத்தியோகத்தரின் சான்று, சம்பளச் சீட்டு ஆகியவற்றுடன் எழுத்திலேயே கோரிக்கை கொடுத்து, பிரதியில் திகதி முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளச் சொன்னார். அதன் பிறகுதான் நன்னடத்தை உத்தியோகத்தர் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்தில் இருக்கும் எங்கள் காம்பராவுக்கு வந்து, பிள்ளை எங்கே படுப்பான், தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்றெல்லாம் பார்த்து எழுதிக்கொண்டு போனார்.

நீதிமன்றத்தில் விசாரணைக்குக் குறித்த முதல் தவணையை நாங்கள் தவறவிட்டோம். லயங்களுக்குத் தனி முகவரி இல்லாததால் நீதிமன்றக் கடிதம் தோட்ட அலுவலகத்துக்குப் போய், பத்து நாட்கள் அங்கேயே கிடந்தது. அதன் பின்னர் என் கைத்தொலைபேசி இலக்கத்தையும், கடைத்தெருவில் இருக்கும் உறவினர் ஒருவரின் முகவரியையும் கோப்பில் சேர்க்கச் செய்தேன்.

1939ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சிறுவர், இளைஞர் கட்டளைச் சட்டத்தின் கீழ், தகுந்த ஆள் ஒருவரிடம் பிள்ளையைப் பொறுப்பளிக்க நீதவானுக்கு அதிகாரம் உண்டு. உறவினரும் அப்படிப்பட்ட ஒருவராகலாம். பொதுமக்கள் இல்லாத அறையில், யாரிடம் இருக்க விருப்பம் என்று நீதவான் கேட்டார். அவன் பதில் சொல்லாமல் என் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டான்.

நன்னடத்தை உத்தியோகத்தரின் மேற்பார்வையுடன் கட்டளை கிடைத்தது. அது சிங்களத்தில் இருந்ததால், பாடசாலையில் சேர்க்க மொழிபெயர்ப்பு எடுக்க இன்னும் மூன்று வாரங்கள் ஆயின. போன திங்கட்கிழமைதான் மூன்றாம் ஆண்டு வகுப்பில் அவனை உட்கார வைத்துவிட்டு வந்தேன்.