255ஐத் தேடிய நாட்கள்

ஜூன் 3
சித்தப்பாவின் படங்கள் இருந்த மெமரி கார்டு முழுவதையும் ஒரே கோப்பாகப் படியெடுத்துவிட்டேன். இனி அசலைத் தொடுவதாக இல்லை. கோப்பு அட்டவணைதான் போயிருக்கிறது, பைட்டுகள் அங்கேயே கிடக்கின்றன என்று நம்புகிறேன். ஜேபெக் படம் எதுவாயினும் 255, 216 என்ற இரு பைட்டுகளில் தொடங்கி, 255, 217இல் முடியும். ஆகவே 255ஐத் தேட வேண்டும், அவ்வளவுதான்.

ஜூன் 4
ஒன்றுகூட அகப்படவில்லை.

ஜூன் 5
அதே சி நிரலைப் பழைய ராஸ்பெரி பை என்ற சிறு கணினியில் ஓட்டினால் 255கள் கொட்டுகின்றன. இன்டெல் மடிக்கணினியில் ஒன்றுமில்லை. இரவு பதினொரு மணிக்குத்தான் உறைத்தது. மடிக்கணினியில் ஜிசிசி என்ற நிரல்பெயர்ப்பி, ஒரு பைட்டை வைக்கும் சார் (char) வகையைக் கூட்டல், கழித்தல் குறியுள்ளதாக எடுத்துக்கொள்வதால், அதில் வைத்த 255 ஒப்பிடும்போது கழித்தல் 1 ஆகிவிடுகிறது. கழித்தல் 1 எந்நாளும் 255க்குச் சமமாகாது. ராஸ்பெரி பையின் ஆர்ம் சில்லில் சார் குறியற்றது, அதனால் அங்கே பிழை தெரியவில்லை. நினைவகத்தில் ஒரு பைட்டைத் தேடித் தரும் சி மொழியின் ஆயத்தச் செயற்கூறான மெம்சிஎச்ஆர் (memchr) இந்த வில்லங்கத்துக்கே இடம் கொடுப்பதில்லை. தேட வேண்டிய பைட்டை அது இன்ட் (int) என்ற முழு எண்ணாக வாங்கினாலும், அதையும் நினைவகத்தில் உள்ளதையும் அன்சைன்டு சாராக, அதாவது குறியற்ற சாராகவே பார்க்கிறது. சி மொழியின் 1989ஆம் ஆண்டுத் தரத்திலேயே அது இருக்கிறது. நான்தான் கெட்டிக்காரத்தனமாகச் சொந்த வளையம் எழுதினேன்.

ஜூன் 6
சித்தி இரண்டு முறை அழைத்தார். எடுக்கவில்லை.

ஜூன் 7
எழுத்துச் சரங்களில் தேடும் ஸ்டர்சிஎச்ஆரே (strchr) போதுமே என்றார் அலுவலக நண்பர். சுழி பைட்டைக் கண்டதும் சரம் முடிந்தது என்று அது நின்றுவிடும். படத் தரவிலோ தற்செயலாக வரும் ஒவ்வொரு 255க்குப் பின்னும், அதைக் குறியீடாக எண்ணிவிடக் கூடாதென்று ஜேபெக்கே ஒரு சுழியைச் செருகி வைத்திருக்கிறது. மெம்சிஎச்ஆருக்குச் சுழியும் இன்னொரு பைட்தான். நாம் கொடுத்த எண்ணிக்கை தீரும்வரை தேடி, கண்டால் அந்த இடத்தின் முகவரியையும் காணாவிட்டால் நல் (NULL) என்ற வெற்று முகவரியையும் தரும். மதியம் செக்மென்டேஷன் ஃபால்ட், தனக்குரியதல்லாத நினைவகத்தைத் தொட்டு நிரல் நின்றது. தேடத் தொடங்கும் இடத்தைக் காட்டும் சுட்டியை நகர்த்திய நான் எண்ணிக்கையைக் குறைக்கவில்லை.

ஜூன் 8
எண்ணிக்கையைக் குறைத்தேன். ஓடுகிறது. சித்தியிடம் நாளை சொல்கிறேன் என்றேன்.

ஜூன் 9
சொல்லியிருக்கக் கூடாது. வெட்டியெடுத்த கோப்புகளில் ஒன்றுகூடத் திறக்கவில்லை, ஆனால் கோப்புப் பட்டியலில் மட்டும் 160க்கு 120 புள்ளி அளவில் சித்தப்பா தெரிகிறார். படத்தைப் பற்றிய விவரங்களைக் கேமரா எழுதிவைக்கும் எக்சிஃப் பகுதிக்குள் ஒரு சிறுபடம் முழு ஜேபெக்காகவே உட்கார்ந்திருக்கிறது. நான் அதன் 255, 217ஐ முடிவென்று எண்ணி, பெரிய படம் தொடங்குமுன்பே வெட்டியிருக்கிறேன். எக்சிஃப் பகுதியின் நீளம் அதன் தலைப்பிலேயே இரண்டு பைட்டுகளில் எழுதியிருக்கிறது. அதைப் படித்துத் தாண்டிச் சென்றபின் தேட வேண்டும்.

ஜூன் 10
படத்துக்குக் கண்ணாடி போடும் கடைக்காரர் பதினாறாம் நாளுக்கு முந்தைய நாளாவது படம் வேண்டும் என்கிறார். எனக்கோ சில படங்கள் அடுத்த படத்தோடு ஒட்டிக்கொண்டு வருகின்றன. கோப்பை 4096 பைட்டுகள் கொண்ட கட்டங்களாகப் படிக்கிறேன். 255 ஒரு கட்டத்தின் கடைசிப் பைட்டாகவும் 217 அடுத்த கட்டத்தின் முதல் பைட்டாகவும் விழுந்தால் முடிவு தெரியாமலே போகிறது. கடைசிப் பைட்டை அடுத்த கட்டத்தின் முன்னால் எடுத்துவைத்துத் தேடினால் தீரும்.

ஜூன் 11
41ஆவது படம் முழுதாகத் திறந்தது. சித்தப்பா கேமராவைப் பார்க்கவில்லை. 42ஐத் திறக்கிறேன்.